படித்ததும் பார்த்ததும் கேட்டதும்

தமிழில் பட்டியல்களுக்குக் குறைவில்லை. எதைப் படிக்க வேண்டும் என்று க.நா.சு. சளைக்காமல் சொல்லிக்கொண்டிருந்தார், 'படித்திருக்கிறீர்களா?' என்ற கேள்வியையே ஒரு நூலுக்குத் தலைப்பாக வைத்தார். அவருக்குப் பின் வந்த விமர்சகர்களும் எழுத்தாளர்களும் சிறந்த நாவல்கள், சிறந்த சிறுகதைகள், தவறவிடக் கூடாத திரைப்படங்கள் என்று தத்தம் தேர்வுகளை முன்வைத்திருக்கிறார்கள். இவற்றால் பயனடையாத இலக்கிய வாசகர் அரிது. ஆனால் இவை யாவும் படிக்க வேண்டியவற்றின் பட்டியல்கள். படித்தவற்றின் பட்டியல் என்று வேறொன்று உண்டு. அதை வைத்திருப்பவர்கள் நம்மிடையே எத்தனை பேர்?

அப்படி ஒரு குறிப்பேடு வைத்திருப்பது வாசிப்புக்கு வெளியே நிற்கும் உபரிப் பழக்கம் அல்ல, வாசிப்பின் ஒரு பகுதியே என்பது நமது கருத்து. நாட்குறிப்பு எழுதுவதைப் பற்றி இங்கே பேசவில்லை. மதிப்புரை எழுதுவதைப் பற்றியும் அல்ல. மளிகைக் கடைக்காரர் பேரேட்டில் வரவு வைப்பதுபோல, ஒரு நூலை மூடிவைத்ததும், ஒரு படத்தைப் பார்த்து வந்ததும், ஒரு கச்சேரியைக் கேட்டு எழுந்ததும் தேதியிட்டு இரண்டு வரி எழுதிவைப்பது. அவ்வளவுதான்.

மனத்தில் நிற்பது நிற்கும், நிற்காதது போகட்டும், அதுவே நல்ல சல்லடை என்று சொல்பவர்கள் உண்டு. கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. ஆனால் நினைவு சல்லடை வேலையை மட்டும் செய்வதில்லை. தன்னிடம் தங்கியவற்றைத் திருத்தியும் எழுதுகிறது. இருபது வயதில் உறக்கமின்றிப் படித்த ஒரு நாவலைப் பற்றி நாற்பது வயதில், 'அப்போதே அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை' என்று எவராலும் கூசாமல் சொல்ல முடிகிறது. சொல்பவர் பொய் சொல்லவில்லை. இன்றைய ரசனை நேற்றைய ரசனையின் இடத்தில் சத்தமில்லாமல் வந்து அமர்ந்துவிட்டது. அவ்விடம் எப்போதும் தனக்கே உரியதாக இருந்தது என்றும் அது நம்பவைக்கிறது. அதற்கு எதிராகச் சாட்சி சொல்லக்கூடியது அன்றைக்கே எழுதிவைத்த இரண்டு வரி மட்டும்தான்.

சார்லஸ் டார்வின் 1838 முதல் 1860 வரை, படிக்க வேண்டிய நூல்களுக்கும் படித்த நூல்களுக்கும் குறிப்பேடுகள் வைத்திருந்தார். 1876இல் எழுதிய தன்வரலாற்றில், 1838 அக்டோபரில் பொழுதுபோக்காக மால்தஸின் மக்கள்தொகை நூலைப் படித்ததாகவும், இயற்கைத் தேர்வு என்ற எண்ணம் அப்போது தோன்றியதாகவும் சொல்கிறார். ஆனால் மால்தஸைப் பற்றி அவர் தம் ஆய்வுக் குறிப்பேட்டில் எழுதிய புகழ்பெற்ற பத்தி 1838 செப்டம்பர் 28 என்ற தேதியைத் தாங்கியிருக்கிறது. சில நாள் வேறுபாடுதான், பெரிதில்லை. ஆயினும் கிட்டத்தட்ட நாற்பது ஆண்டுகளுக்குப் பின் எழுதிய நினைவையும், அந்தக் கணத்தில் எழுதிய குறிப்பையும் அருகருகே வைத்துப் பார்க்க முடிகிறது அல்லவா? ஒரு நூல் ஒரு மனத்துக்குள் எப்படி இறங்கியது என்பதை அறிய ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பச் செல்வது அந்தக் குறிப்பேடுகளிடம்தான்.

மேரி ஷெல்லியின் நாட்குறிப்புகள் 1814இல் தொடங்குகின்றன. அவற்றில் ஆண்டுதோறும் தாம் படித்த நூல்களையும் தம் கணவர் பெர்சி ஷெல்லி படித்தவற்றையும் அவர் பட்டியலிட்டிருக்கிறார். 1818இல் வெளியான 'பிராங்கன்ஸ்டைன்' நாவலில், அந்தப் பெயரற்ற உயிர் தானே முயன்று படிக்கக் கற்றுக்கொண்டு மில்டனின் 'பாரடைஸ் லாஸ்ட்' காவியத்தை வாசிக்கிறது. மேரியின் பட்டியல்களிலும் அந்நூல் இருக்கிறது. பதின்வயதுப் பெண் ஒருத்தி எதையெல்லாம் படித்துவிட்டு அந்த நாவலை எழுத உட்கார்ந்தாள் என்பது இன்று நமக்குத் தெரிவதற்கு, அவள் சலிக்காமல் எழுதிவைத்த வெறும் தலைப்புகளே காரணம்.

மேதைகளின் குறிப்பேடுகளுக்கு மதிப்பு உண்டு, நம் குறிப்பேடு யாருக்கு வேண்டும் என்று கேட்கலாம். இங்கேதான் தமிழ்ச் சூழலை நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. நம்மிடம் எழுத்தாளர்களின் வரலாறு ஓரளவு இருக்கிறது. பதிப்பின் வரலாறும் எழுதப்பட்டு வருகிறது. வாசகர்களின் வரலாறோ மிகச் சொற்பம். தமிழில் நாவல் என்ற வடிவம் வந்தபோது மக்கள் அதை எப்படிப் படித்தார்கள் என்று ஆராயும் ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'நாவலும் வாசிப்பும்' (2002) போன்ற நூல்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1996இல் தொடங்கிய வாசிப்பு அனுபவத் தரவுத்தளம், 1450 முதல் 1945 வரையிலான வாசகர்களின் அனுபவங்களை நாட்குறிப்பு, கடிதம், பக்க ஓரக் குறிப்பு என்று கிடைத்தவற்றிலிருந்தெல்லாம் திரட்டியிருக்கிறது. அத்தகைய முயற்சி ஒன்றைத் தமிழில் தொடங்குவதென்றால் எதிலிருந்து திரட்டுவது? ஒரு வாசகர் மறைந்ததும் அவருடைய நூல்களாவது பழைய புத்தகக் கடைக்குப் போய்ச் சேர்கின்றன. வேறொருவர் கையில் கிடைக்கின்றன. அவற்றை அவர் படித்தாரா, எப்போது, எதற்குப் பிறகு எதை, பாதியில் நிறுத்தியது எந்த நூலை என்பவை அவரோடு போய்விடுகின்றன.

இந்தப் பழக்கம் நமக்கு முற்றிலும் அந்நியமானதும் அல்ல. மார்கழிக் கச்சேரிகளில் மடியில் சிறு குறிப்பேட்டை வைத்துக்கொண்டு, பாடகர் ராகத்தைத் தொட்டதுமே பெயரை எழுதிக்கொள்ளும் ரசிகர்களைச் சென்னை சபாக்களில் காணலாம். எந்தக் கீர்த்தனை, யார் வயலின், யார் மிருதங்கம், எதை விரித்துப் பாடினார், எதைத் துக்கடாவாகப் பாடி முடித்தார் என்று அவர்கள் எழுதுவது பத்திரிகை விமர்சனத்தைவிட நம்பகமானது. ஒலிநாடாக்களின் காலத்தில், வேண்டிய திரைப்பாடல்களைத் தாளில் வரிசையாக எழுதி ரெக்கார்டிங் சென்டரில் கொடுத்துப் பதிந்து வாங்கியவர்கள் ஏராளம். அறுபது நிமிட நாடாவில் எவை அடங்கும், எதை விட்டு எதைச் சேர்ப்பது என்று யோசித்து எழுதிய அந்தத் தாள்கள் ஒரு தலைமுறையின் ரசனைக்கு ஆவணங்கள். அவற்றை எவரும் ஆவணம் என்று நினைக்கவில்லை. நாடா போனபோது தாளும் போயிற்று.

குறிப்பேட்டில் எதை எழுதுவது என்ற கேள்விக்கு வருவோம். முதலாவது, எல்லாவற்றையும் எழுத வேண்டும். நல்லவற்றை மட்டும் எழுதும் குறிப்பேடு, வரவேற்பறையில் வைக்கும் கண்ணாடி அலமாரிக்குச் சமம். ரயில் பயணத்தில் படித்த பாக்கெட் நாவல், இரண்டு முறை பார்த்த மசாலாப் படம், நாற்பது பக்கத்தில் மூடிவைத்த உலக இலக்கியம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். இலக்கிய வாசகர்கள் தம் வாசிப்பைப் பற்றிப் பேசும்போது, வெகுஜன எழுத்தை ஏதோ ஓர் ஆண்டில் ஒரே நாளில் துறந்துவிட்டதுபோல் பேசுவது வழக்கம். உண்மையில் ராஜேஷ்குமாரும் புதுமைப்பித்தனும் பல ஆண்டுகள் ஒரே தலையணைக்கு அருகில் இருந்திருப்பார்கள். அதை ஒப்புக்கொள்ளும் குறிப்பேடே ரசனை வளர்ந்த விதத்தைக் காட்டும்.

இரண்டாவது, மொழிபெயர்ப்பாளரின் பெயர். காண்டேகரைப் படித்தோம் என்று தமிழ் வாசகர் சொல்லும்போது, அவர் படித்தது பெரும்பாலும் கா. ஸ்ரீ. ஸ்ரீ.யின் தமிழைத்தான். மாஸ்கோவிலிருந்து அச்சாகி வந்து நியூ செஞ்சுரி புத்தக நிலையத்தின் வழியாகக் கைக்குக் கிடைத்த ருஷ்ய நூல்கள் ரா. கிருஷ்ணையா, பூ. சோமசுந்தரம், நா. தர்மராஜன் போன்றவர்களின் உழைப்பு. அசல் ஆசிரியரின் பெயர் நினைவில் தங்குகிறது. நமக்கு அவரைத் தந்தவரின் பெயர் முதலில் உதிர்கிறது. ஒரு வரி எழுதினால் உதிராது. இசைக்கும் இதுவே பொருந்தும்; எந்தப் பாடல் என்பதோடு யார் பாடியது, எந்தப் பதிவு என்றும் எழுத வேண்டும்.

மூன்றாவது, அது எப்படி வந்து சேர்ந்தது என்பது. யார் சொன்னார், எந்த நூலகத்தில் எடுத்தது, எந்தத் திரையரங்கில் பார்த்தது. ஒரு நூல் இன்னொரு நூலுக்கு நம்மை எப்படிக் கைமாற்றியது என்பதைப் பின்னாளில் இதைக் கொண்டுதான் தொடர முடியும். இவற்றோடு ஒரு வாக்கியம்: நூலைப் பற்றிய தீர்ப்பு அல்ல, படித்த அன்று மனத்தில் நின்றது எதுவோ அது.

எண்ணிக்கை வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆண்டுக்கு ஐம்பது, நூறு என்று இலக்கு வைத்துப் படிப்பது இப்போது பரவலாகியிருக்கிறது. இலக்கு வந்ததும் தடித்த நூல்கள் பின்தள்ளப்படுகின்றன. குறுநாவல்களுக்கு யோகம் அடிக்கிறது. நட்சத்திரங்களும் மதிப்பெண்களும்கூட இத்தகையவையே. ஆனந்த விகடன் திரைப்படங்களுக்கு மதிப்பெண் இட்டது பொதுவாசகருக்கு ஒரு வழிகாட்டுதல். தனக்குத்தானே எழுதிக்கொள்பவருக்கு மூன்றரை நட்சத்திரம் எதைச் சொல்லும்? பத்தாண்டு கழித்துப் பார்த்தால், அந்த அரை நட்சத்திரம் எதனால் குறைந்தது என்று அவருக்கே தெரியாது. பாடகர் ஆர்ட் கார்ஃபங்கல் 1968 ஜூன் முதல் தாம் படித்த நூல்களைப் பட்டியலிட்டு வருகிறார். ஆயிரத்தைத் தாண்டிய அந்தப் பட்டியலில் நம்மை நிறுத்துவது எண்ணிக்கை அல்ல, எந்த நூலுக்குப் பின் எந்த நூல் என்ற அந்த வரிசைதான்.

இறுதியாக, குறிப்பேடு யாரிடம் இருக்க வேண்டும் என்பது. நாம் எழுதாவிட்டாலும் நம்மைப் பற்றி எழுதிக்கொள்ளும் நிறுவனங்கள் இன்று இருக்கின்றன. எந்தப் படத்தை எந்த நிமிடத்தில் நிறுத்தினோம், எந்தப் பாடலை எத்தனை முறை கேட்டோம் என்பதெல்லாம் அவர்கள் கணக்கில் உண்டு. ஆனால் அது நம்மிடம் விற்பதற்கான கணக்கு, அவர்கள் சொத்து. வாசகர்கள் தம் நூல் அலமாரியைப் பதிந்துவைத்த ஷெல்ஃபாரி என்ற தளம் 2016இல் மூடப்பட்டது. முதல் பன்னிரண்டு ஆண்டுகளில் ஏற்றப்பட்ட பாடல்கள் பெருமளவில் அழிந்துவிட்டதாக 2019இல் மைஸ்பேஸ் அறிவித்தது. இன்னொரு பக்கமும் இருக்கிறது. 1987இல் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதிப் பதவிக்கு ராபர்ட் போர்க் முன்மொழியப்பட்டபோது, அவர் குடும்பம் வாடகைக்கு எடுத்த 146 வீடியோப் படங்களின் பட்டியலை ஒரு வார இதழ் வெளியிட்டது. அதில் வெட்கப்படும்படியான ஒன்றும் இல்லை. இருந்தும் அடுத்த ஆண்டே, அத்தகைய பட்டியல்களைக் கடைக்காரர் பிறருக்குத் தருவதைத் தடுக்கும் சட்டத்தை அந்நாடு இயற்றியது. ஒருவர் பார்த்த படங்களின் வெறும் தலைப்புகளே அவருடைய அந்தரங்கம் என்பதை அரசியல்வாதிகளும் உணர்ந்த சந்தர்ப்பம் அது.

ஆகவே நமது பரிந்துரை, சாதாரண நோட்டுப் புத்தகம். கணினியில் எழுதுபவர்கள் தம் வசமே இருக்கும் எளிய கோப்பில் எழுதலாம், பிரதி ஒன்று எடுத்துவைக்கலாம். பிறருக்குக் காட்டுவதா வேண்டாமா என்பது அவரவர் விருப்பம். ஆனால் காட்டுவதற்கென்று எழுதத் தொடங்கினால் பாக்கெட் நாவல் முதலில் மறையும், பாதியில் நின்றவை அடுத்து மறையும். இதுவரை படித்ததையெல்லாம் நினைவிலிருந்து தோண்டி எடுத்து எழுதிவிட்டுத்தான் தொடங்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அந்தப் பெருமுயற்சியிலேயே பலர் ஓய்ந்துவிடுகிறார்கள். இப்போது கையில் இருக்கும் நூலின் பெயரையும், அது எந்தப் பக்கத்தில் நிற்கிறது என்பதையும் இன்றைய தேதியிட்டு எழுதினால் போதும்.