ஆங்கிலம் யாருக்குச் சொந்தம்?

திருச்செந்தூருக்குத் தெற்கே கடலோரமாகச் சென்றால் ஆலந்தலை வருகிறது. மீனவர்கள் வாழும் ஊர். புனித சவேரியார் 1544-ம் ஆண்டு எழுதிய கடிதங்களிலேயே இவ்வூரின் பெயர் காணப்படுகிறது. இந்தக் கரையில் மீன் ஏலம் விடுவதைப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். ஏலம் கேட்பவர் சீலா மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பார், கண்ணைப் பார்ப்பார். பிடித்து வந்தவர் எந்த ஊரில் பிறந்தவர் என்று கேட்கமாட்டார்.

எழுத்து வியாபாரத்தில் மட்டும் இந்த நியாயம் செல்லுபடியாவதில்லை!

சின்னஞ்சிறு ஊர்களில் இருந்தபடியே வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்துச் சம்பாதிக்கும் பட்டதாரிகள் இன்று பலர் உண்டு. ஓட்டல் விளம்பரம், மருந்தின் உபயோகக் குறிப்பு, மிஷின் விவரம் எதுவானாலும் சொல்லுக்கு இவ்வளவு என்று கூலி. மாதச் சம்பளம் கிடையாது, பஞ்சப்படியும் கிடையாது. இடையில் நிற்கும் தரகர்களின் கழிவு வேறு. இவர்களை அழைக்கும் விளம்பரங்களில் ஒரு நிபந்தனை அடிக்கடி தலைகாட்டுகிறது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் மட்டுமே மனுச் செய்ய வேண்டுமாம்.

பிறப்பைப் பார்த்துத்தான் எழுத்தை நிறுக்க வேண்டும் என்றால், ஆர். கே. நாராயணனை என்ன செய்வது?

1906-ல் சென்னையில் பிறந்தவர் அவர். தாய்மொழி தமிழ். பி.ஏ. தேறியபின் உபாத்தியாயர் வேலை கிடைத்தது. சில நாட்களிலேயே அதை உதறிவிட்டு, எழுதியே பிழைப்பது என்று மைசூரில் உட்கார்ந்துவிட்டார். வீட்டார் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! முதல் ஆண்டில் எழுத்து மூலம் வந்த வருமானம் ஒன்பது ரூபாய் பன்னிரண்டு அணா. அதுவும் கடல் சட்டத்தைப் பற்றிய ஒரு புத்தகத்துக்கு மதிப்புரை எழுதியதற்காக. சென்னைப் பத்திரிகை ஒன்றுக்கு மைசூர் நிருபராக அலைந்தும் காலம் தள்ளினார். அவருடைய முதல் நாவலை லண்டன் பிரசுரகர்த்தர்கள் ஒருவர் பின் ஒருவராகத் திருப்பி அனுப்பினார்கள். மனம் வெறுத்து, கையெழுத்துப் பிரதியைக் கல்லைக் கட்டித் தேம்ஸ் நதியில் போட்டுவிடும்படி அங்கிருந்த நண்பருக்கு எழுதினார். நல்லவேளை, நண்பர் அதைக் கிரஹாம் கிரீன் என்ற எழுத்தாளரிடம் காட்டினார். 1935-ல் ‘சுவாமியும் நண்பர்களும்’ வெளிவந்தது. அவருடைய ஆங்கிலம் எளிமையானது. அந்த எளிமைக்காகவே உலகம் அதைப் படித்தது.

போலந்து இனத்தவரான ஜோசப் கான்ராட் இருபது வயதுக்குப் பிறகு, கப்பலில் வேலை செய்துகொண்டே ஆங்கிலம் கற்றவர். இங்கிலாந்தின் பெரிய நாவலாசிரியர்களில் ஒருவர் என்ற பெயர் அவருக்கு உண்டு.

அவ்வளவு தூரம் போவானேன்? ஆலந்தலைக்கு வடக்கே உள்ள புன்னைக்காயலுக்கு வரலாம். போர்ச்சுகல் தேசத்து அண்டிரிக் பாதிரியார் இந்தக் கரைக்கு வந்து, பரதவ மக்களிடம் தமிழ் பயின்று, தமிழிலேயே எழுதினார். 1578-ல் கொல்லத்தில் அச்சான அவருடைய ‘தம்பிரான் வணக்கம்’ பதினாறே பக்கம். ஆனால் இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சேறிய முதல் புத்தகம் அதுதான். தமிழ் பிறமொழிக்காரர் என்று அவரைத் தள்ளிவைக்கவில்லை.

வெளிநாட்டார் சொல்வதிலும் ஓரளவு நியாயம் இருக்கிறது. நம்மவர்களில் சிலர் ஆபீஸ் கடிதங்களில் கற்ற ஆங்கிலத்தை விட்டு வெளியே வர மறுக்கிறார்கள். ‘வேண்டியதைச் செய்யக் கோருகிறேன்’ என்ற தாசில்தார் ஆபீஸ் நடையில் சோப்பு விளம்பரம் எழுதினால் யார் சோப்பு வாங்குவார்கள்? பிழை இருந்தால் திருப்பி அனுப்பட்டும்; கூலியைப் பிடிக்கட்டும். படித்துப் பார்க்காமல், பெயரைப் பார்த்துக் குறைப்பதுதான் அக்கிரமம்.

இப்போது புதிய தொல்லை ஒன்று முளைத்திருக்கிறது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தது முதல், கேட்டதையெல்லாம் கணினியே எழுதித் தருகிறது. அதனால் வேலை குறைந்தது ஒரு பக்கம். மனிதர் எழுதியதா, கணினி எழுதியதா என்று சோதிக்கும் கருவிகள் மறு பக்கம். 2023-ல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இப்படிப்பட்ட ஏழு கருவிகளைப் பரீட்சித்தார்கள். தாய்மொழி ஆங்கிலம் அல்லாதவர்கள் தேர்வுக்காக எழுதிய 91 கட்டுரைகளைக் கொடுத்தார்கள். சராசரியாக நூற்றுக்கு அறுபத்தொன்றைக் கணினி எழுதியது என்று அவை முத்திரை குத்திவிட்டன! அமெரிக்கப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எழுதியவையோ பெரும்பாலும் தப்பித்துக்கொண்டன. காரணம் என்ன? பழகிய சொற்களை வைத்து நேராக எழுதினால் அந்தக் கருவிகளுக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது. நாராயணனின் எளிமை இன்று குற்றச்சாட்டுக்கு இடம் கொடுக்கிறது.

கருவி சொன்னதை மட்டும் நம்பிக் கூலியை மறுப்பது, கேஸ் விசாரிக்காமல் தண்டிப்பது போலத்தான். எழுதுபவர்களும் முன்ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். முதல் பிரதி, திருத்திய பிரதி, குறிப்பு எடுத்த காகிதம் ஆகிய எல்லாவற்றையும் தேதியோடு வைத்துக்கொள்ள வேண்டும். வேலையை ஒப்புக்கொள்ளும்போதே, தகராறு வந்தால் இவற்றைப் பார்த்துத்தான் தீர்மானிப்பது என்று எழுத்து மூலம் வாங்கிக்கொள்வது அவசியம்.