மின்மினிக்கும் வட்டார வழக்கு

மின்மினியைப் போரில் மாண்டோரின் ஆவி என்று ஜப்பானியர் அந்நாளில் நம்பினர். 12ஆம் நூற்றாண்டில் பொருத கெஞ்சி, ஹெய்க்கே குலங்களின் பெயர்களே அங்கு இருவகை மின்மினிகளுக்கு வழங்குகின்றன. இவற்றுள் கெஞ்சி மின்மினியிடம் ஒரு வேடிக்கை உண்டு. மேற்கு ஜப்பானில் ஆண்பூச்சி சுமார் 2 வினாடிக்கு ஒருமுறை மின்னும். கிழக்கிலோ 4 வினாடிக்கு ஒருமுறை. நெல்லைத் தமிழும் கோவைத் தமிழும் போல என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

மின்மினி அருகிப்போன கிழக்கத்திய ஓடைகள் சிலவற்றில், மக்கள் கண்டு களிக்க மேற்கத்தியப் பூச்சிகளைக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். இதையா இயற்கைப் பாதுகாப்பு என்பது? வந்தவை பெருகினால் அந்த மண்ணின் மின்னலே மறைந்துபோகாதா? இதன் புழு நீரில் வாழ்ந்து நத்தையைத் தின்பது. ஓடையைத் தூய்மையாக்கி, நத்தையைக் காத்து, கரையோர விளக்குகளை அணைத்தாலே எஞ்சிய உள்ளூர்ப் பூச்சி பெருக வழியுண்டு. அதற்குச் சில ஆண்டுகள் பிடிக்கும். விழா நடத்துவோருக்குத்தான் அவசரம்.