காத்திருக்கும் நேரம் வீணன்று

கொலோனோஸ்கோபி அறையின் முன் காத்திருப்போர் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "முன்னவருக்குப் பரிசோதனை முடிந்து வெகுநேரமாயிற்றே, எங்களை ஏன் இன்னும் அழைக்கவில்லை?" முதல்நாள் முதலே பத்தியமிருந்து, பேதி மருந்து குடித்துச் சோர்ந்தவர் இவ்வாறு கேட்பது இயல்பே. ஆயினும் அந்நேரத்தின் ஒரு பகுதி கருவியைத் தூய்மை செய்வதற்கு உரியது. அதைக் குறைக்குமாறு நோயாளியும் கோரலாகாது; மருத்துவமனையும் குறைக்கலாகாது என்பதே என் கருத்து.

பெருங்குடலைக் காண உதவும் நீண்ட வளைகுழாய் பொதுவாகப் பலருக்கும் பயன்படுவது. அது வெப்பம் தாங்காததால், அறுவைக் கருவிகளைப் போல் ஆட்டோகிளேவில் வைக்க இயலாது. அதனுள் காற்றும் நீரும் இடுக்கியும் செல்லும் குறுகிய வழிகள் உள்ளன. ஆகவே பரிசோதனை முடிந்தவுடன் அதனைத் துடைத்து, கசிவு உண்டா எனச் சோதித்து, நொதிக் கரைசலில் இட்டு, உள்வழிகளைத் தூரிகையால் தேய்த்துக் கழுவ வேண்டும். அதன் பின்னரே கிருமிநாசினி. அழுக்கு ஒட்டியிருந்தால் எத்துணை வீரியமுள்ள மருந்தும் அங்கே முழுப்பயன் தராது. இறுதியில் அலசி, நன்கு உலர்த்த வேண்டும். உட்குழாயில் ஈரம் தங்கினால் சூடோமோனாஸ் போன்ற கிருமிகள் பெருகும்.

இவ்வொழுங்கு தவறினால் விளைவது என்ன? 2009இல் அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகள் சிலவற்றில் உள்நோக்கிக் கருவிகள் முறையாகத் தூய்மை செய்யப்படாதது தெரியவந்து, 10,000க்கும் மேற்பட்டோர் இரத்தப் பரிசோதனைக்கு அழைக்கப்பட்டனர். அதற்கு முந்தைய ஆண்டு, லாஸ் வேகஸ் நகரில் ஒரு பரிசோதனை நிலையத்தில் ஹெபடைடிஸ் சி பரவியது கண்டறியப்பட்டது. பயன்படுத்திய சிரிஞ்சை மயக்க மருந்துக் குப்பியில் மீண்டும் இட்டு, அதே குப்பியிலிருந்து பிறருக்கும் மருந்து செலுத்தியதே அங்கு நேர்ந்த பிழை.

இவற்றைக் கேட்டு அஞ்சிப் பரிசோதனையைத் தவிர்க்க வேண்டாம். விதிமுறைகள் பேணப்படும் இடத்தில் தொற்று மிக அரிது. காலந்தாழ்த்திக் கண்டறியப்படும் குடற்புற்றோ கொடியது. அஞ்சுவதற்குப் பதிலாகக் கேளுங்கள்: "கருவி தூய்மை செய்யப்பட்டதற்குப் பதிவேடு உள்ளதா? சிரிஞ்சும் மருந்தும் எனக்கெனப் புதிதாகப் பிரிக்கப்படுமா?" இவ்வாறு கேட்பது மருத்துவரை அவமதிப்பதாகாது. விடை கூற வேண்டியது எங்கள் கடமை.

முன்காப்பாக ஆன்டிபயாடிக் தருமாறு சிலர் வற்புறுத்துவர். பெரும்பாலோர்க்கு அது தேவையில்லை. வயிற்றுவழி டயாலிசிஸ் செய்துகொள்வோர் மட்டும் அதனைத் தவறாது முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். வீடு திரும்பியபின் காய்ச்சல், கடும் வயிற்றுவலி, மிகுதியான இரத்தப்போக்கு ஆகியவற்றுள் எது காணினும் உடனே மருத்துவமனைக்கு வருக.

ஒரு நாளில் எத்தனை பேருக்குப் பரிசோதனை செய்வது என்பதைக் கருவிகளின் எண்ணிக்கையும் அவற்றைக் கழுவும் பணியாளரின் எண்ணிக்கையுமே முடிவு செய்ய வேண்டும். வாயிலில் நிற்கும் வரிசையின் நீளம் அன்று.