பழுது பார்க்கும் தொழிலைப் பூட்டி வைக்கலாமா?

மோட்டார் சைக்கிளை ரயிலில் பார்சலாக அனுப்ப வருகிறவர்கள், முதலில் அதன் டாங்கியில் உள்ள பெட்ரோலை முழுவதும் இறக்கியாக வேண்டும். தீ விபத்தைத் தடுப்பதற்கான விதி இது. சில ஆண்டுகளுக்கு முன்பு வரை இது ஐந்து நிமிட வேலை. டாங்கியின் அடியில் பெட்ரோல் டாப் இருக்கும். குழாயைக் கழற்றி டாப்பைத் திருப்பினால் பெட்ரோல் கேனில் இறங்கிவிடும். இப்போது பெங்களூரிலிருந்து மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் புது வண்டியை அனுப்ப வரும் இளைஞர்கள் டாங்கியின் அடியில் கையை விட்டுத் தேடுகிறார்கள். டாப் இல்லை! பார்சல் பிரிவில் வேலை பார்க்கும் எனக்கு இது அன்றாடக் காட்சி.

டாப் மறைந்ததற்குக் காரணம், கார்புரேட்டர் மறைந்ததுதான். முன்பு பெட்ரோல் தானாகவே கீழிறங்கிக் கார்புரேட்டருக்கு வந்தது. காற்று குறுகிய துளை வழியே பாயும்போது, சிறு ஜெட் மூலம் பெட்ரோலை உறிஞ்சிக்கொண்டு எஞ்சினுக்குள் சென்றது. இப்போது டாங்கிக்குள்ளேயே மின்சாரப் பம்பு இருக்கிறது. அது அழுத்தத்துடன் அனுப்பும் பெட்ரோலை, எவ்வளவு, எப்போது பீச்ச வேண்டும் என்று ஒரு சிறு கம்ப்யூட்டர் கணக்கிட்டு இன்ஜெக்டருக்கு உத்தரவு தருகிறது. நம் நாட்டு மோட்டார் சைக்கிள்களில் 2006-ஆம் ஆண்டிலேயே ஹீரோ ஹோண்டா கிளாமர் மூலம் இம்முறை தலைகாட்டியது. 2020 ஏப்ரல் 1-ஆம் தேதி பி.எஸ்.6 விதி நடைமுறைக்கு வந்தபின், புதிய வண்டிகளில் இதுவே பெரும்பாலும் வழக்கமாகிவிட்டது.

இந்த மாற்றம் தேவையா என்று கேட்டால், தேவை என்றே சொல்வேன். ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய எடை அளவில் ஏறக்குறைய 14.7 பங்கு காற்று வேண்டும். இந்த அளவு பிசகாமல் இருந்தால்தான் புகைக்குழாயில் உள்ள கேட்டலிடிக் கன்வர்ட்டர் சரியாக வேலை செய்யும். கடல் மட்டத்தில் உள்ள சென்னையில் டியூன் செய்த கார்புரேட்டர், 900 மீட்டருக்கு மேல் உயரமான பெங்களூரில் அதே அளவைத் தராது. 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டிக்குப் போனால் இன்னும் மோசம்: காற்று அடர்த்தி குறைவதால் பெட்ரோல் வீணாகிப் புகை கக்கும். இன்ஜெக்ஷன் வண்டியோ காற்றுக்குத் தக்கபடி அளவைத் தானே திருத்திக்கொள்ளும். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கப்படுகிறது. அதற்கு ஏற்பவும், புகைக்குழாயில் ஆக்சிஜன் சென்சார் உள்ள வண்டி ஓரளவு ஈடுகட்டிக்கொள்கிறது. காலைக் குளிரில் சோக் இழுத்துக்கொண்டு நிற்க வேண்டியதும் இல்லை. பெங்களூரின் போக்குவரத்து நெரிசலில் தினமும் புகையைச் சுவாசிக்கும் நாம், காற்றைக் காக்கும் ஒரு விதியை எதிர்ப்பது அறிவீனம்.

பிறகு என்ன குறை? வண்டியில் குறை இல்லை. அதைச் சரிசெய்யும் வழியைப் பூட்டி வைத்திருப்பதில்தான் குறை.

கார்புரேட்டர் அடைத்துக்கொண்டால், சாலையோர மெக்கானிக் ஒரு ஸ்குரூ டிரைவரோடு உட்காருவார். கிண்ணத்தைக் கழற்றி, ஜெட்டை ஊதிச் சுத்தம் செய்து, ஐடில் ஸ்குரூவைத் திருகிக் காதால் கேட்டே சரிசெய்துவிடுவார். அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் சிவாஜி நகரிலும் இப்படிப் பிழைக்கும் நம்மவர்கள் பலர். தர்மபுரியிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் சிறுவயதில் வந்து, பட்டறையில் தேநீர் வாங்கிக் கொடுத்துத் தொழில் கற்றவர்கள் அவர்கள். எனக்குத் தெரிந்த ஒரு மூத்த மெக்கானிக் அண்மையில் சொன்னார்: "தம்பி, எஞ்சின் விளக்கு எரியுதுன்னு வண்டி வருது. என்ன கோளாறுன்னு பெட்டிக்குள்ளே எழுதியிருக்கு. அதைப் படிக்கிற கருவி என்கிட்ட இல்லே. கம்பெனிக்கே போங்கன்னு திருப்பி அனுப்பிட்டேன்." முப்பது ஆண்டு தொழில் செய்தவர், வாடிக்கையாளரைத் தம் வாயாலேயே திருப்பி அனுப்ப நேர்ந்தால் அவர் மனம் என்ன பாடுபடும்?

இது மெக்கானிக்கின் கவலை மட்டும் அன்று. பாட்டரி முற்றிலும் செத்தால் பம்பு ஓடாது. பம்பு ஓடாவிட்டால் வண்டி கிளம்பாது. பெட்ரோலில் தண்ணீர் கலந்தால் பம்பும் இன்ஜெக்டரும் கெடும். நடுவழியில் வண்டி நின்றவர் அருகிலுள்ள பட்டறைக்குத் தள்ளிச் சென்று பயனில்லை. கம்பெனி சர்வீஸ் நிலையத்தில் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். கேட்ட கூலியைத் தர வேண்டும். வீடு வீடாகப் பொருள் கொண்டு கொடுத்துப் பிழைக்கும் இளைஞனுக்கு ஒரு நாள் வண்டி நின்றால் ஒரு நாள் கூலி போயிற்று.

"கண்டவரும் கம்ப்யூட்டரில் கை வைத்தால் புகை அளவு கெடும், பாதுகாப்பும் போகும்" என்று நிறுவனங்கள் தரப்பில் வாதிடுவார்கள். இதில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் கோளாறு எண்ணைப் படிப்பது வேறு. உள்ளே இருக்கும் கணக்கை மாற்றி எழுதுவது வேறு. நோயாளியின் ரத்தப் பரிசோதனைச் சீட்டை வாசிப்பதும் அறுவை சிகிச்சை செய்வதும் ஒன்றா? இரண்டாவதற்குக் கட்டுப்பாடு வைக்கட்டும், முதலாவதைத் திறந்துவிடட்டும். கோளாறு எண்களில் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவானவை உண்டு. நிறுவனங்கள் தனியே வைத்துக்கொள்பவற்றையும், அவற்றுக்கான விளக்கத்தையும் வெளியிடுவதால் என்ன நஷ்டம்?

இது புதிய கோரிக்கையும் அன்று. உதிரி பாகங்களையும் பழுது பார்க்கும் விவரங்களையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடவில்லை என்பதற்காக, 14 கார் நிறுவனங்களுக்கு 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. விவகாரம் பின்னர் மேல்முறையீடுகளில் இழுபட்டது. 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் துறை, பழுது பார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளம் தொடங்கியது. அதில் வாகனங்களும் ஒரு பிரிவு. நல்ல தொடக்கம்தான். ஆனால் தர விரும்புகிறவர் விரும்பிய அளவுக்குத் தரலாம் என்றால், ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. சட்டத்தின் கட்டாயம் வேண்டும்.

நம் மெக்கானிக்குகளும் ஒன்றை உணர வேண்டும். "இதெல்லாம் கம்ப்யூட்டர் வேலை, நமக்கு வராது" என்று ஒதுங்குவது சரியல்ல. இன்ஜெக்ஷன் என்பது பெங்களூருக்குப் புதுச் சொல்லா? டீசல் எஞ்சின்களுக்கான இன்ஜெக்ஷன் பம்புகளை ஆடுகோடியிலுள்ள மைக்கோ தொழிற்சாலை நெடுங்காலம் செய்து தந்தது. அந்தப் பம்புகளைச் சரிபார்க்கும் பட்டறைகள் ஊருக்கு ஊர் தோன்றின. அன்று கற்றுக்கொண்ட கைகள், இன்றும் கற்றுக்கொள்ளும். கார்புரேட்டர் வேலையும் உடனே ஒழிந்துவிடாது. 2020 மார்ச்சில் பதிவான வண்டியின் பதிவுக் காலமே 2035 வரை செல்லும். அந்தக் கால அவகாசத்தைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

அரசு செய்ய வேண்டியவை மூன்று. ஐ.டி.ஐ.க்களில், வேலை முடித்து வருகிறவர்களுக்காக மாலை வகுப்புகள் நடத்த வேண்டும். அவை கன்னடத்திலும் தமிழிலும் இருக்க வேண்டும். பல பட்டறைக்காரர்கள் கூட்டாக ஒரு ஸ்கேனர் வாங்கச் சிறு கடன் தர வேண்டும். கோளாறு எண்களையும் சர்வீஸ் விவரங்களையும் வெளியிடுவதை நிறுவனங்களுக்குக் கட்டாயமாக்க வேண்டும்.

பணம் கொடுத்து வண்டி வாங்கியவருக்கு, அதை யாரிடம் சரிசெய்வது என்று தீர்மானிக்கும் உரிமையும் உண்டு. சாலையோரத்தில் மரத்தடியில் உட்கார்ந்திருப்பவரிடம் திறமை இருக்கிறது. கருவியும் விவரமும்தான் இல்லை. அவற்றைக் கொடுக்க மறுத்துவிட்டு, அவர் காலத்துக்கு ஒவ்வாதவர் என்று ஒதுக்குவது எந்த வகையில் நியாயம்?