ராஸ் அல் கைமாவின் தமிழ்க் கதைகளைக் கேட்கப் போவது யார்?

துபாயிலிருந்து வடக்கே ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் சென்றால் ராஸ் அல் கைமா. மலையை வெட்டிக் கல்லாகவும் சல்லியாகவும் கப்பலேற்றும் கோர் குவைர், பீங்கான் ஓடு ஆலைகள், சிமெண்ட் ஆலைகள், அல் கைல் தொழிற்பேட்டை, இவற்றையொட்டித் தொழிலாளர் முகாம்கள். அம்முகாம்களில் இராமநாதபுரத்தாரும் சிவகங்கைக்காரரும் புதுக்கோட்டைக்காரரும் உண்டு. அவர்களுள் ஒருவர் மூன்று வாரமாக உறங்கவில்லை என்று கொள்வோம். ஒருவழியாக மருத்துவர் முன் அமர்த்தப்படுகிறார். மருத்துவருக்குத் தமிழ் தெரியாது. தொழிலாளிக்கு ஆங்கிலமும் அரபியும் தெரியா. உடன் வந்த நிறுவனத்தின் மேற்பார்வையாளரே மொழிபெயர்ப்பாளர். சம்பள நிலுவையும் தாயகம் செல்லும் விடுப்பும் எவர் கையில் உள்ளனவோ, அவர் வழியாகவே அந்த வினா வந்து சேர்கிறது. என்ன விடை வரும்? "நல்லாத்தான் சார் இருக்கேன்." மருத்துவர் அதையே குறித்துக்கொள்கிறார். ஊரிலிருந்து மனைவி அழைக்கும்போதும் அதே விடைதான்.

ஐக்கிய அரபு அமீரகத்தின் 2023ஆம் ஆண்டு உளநலச் சட்டம் நோயாளியின் இரகசியம் காக்கப்பட வேண்டும் என்கிறது. நல்ல சட்டம். ஆனால் இரகசியத்தைச் சொல்ல ஒரு மொழியும், அதைக் கேட்கப் பழகிய ஒரு காதும் இல்லாதவனுக்கு இரகசியக் காப்பால் என்ன பயன்?

இந்த இடத்தில்தான் கதையாடல் சிகிச்சைப் பயிலரங்குகளைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. உளவளத் துணையாளர்களுக்கும் சமூகப் பணியாளர்களுக்கும் இப்பயிற்சி இன்று உலகின் பல நகரங்களில் அளிக்கப்படுகிறது. வளைகுடாவிலோ உளவளப் பயிற்சி என்றாலே பெரும்பாலும் விடுதி அரங்கு, ஆங்கில உரை, கட்டணம், இறுதியில் ஒரு சான்றிதழ். சான்றிதழ் பெற்றவர் பள்ளி ஆலோசகராகவோ தனியார் மருத்துவமனை ஊழியராகவோ திரும்பிச் செல்கிறார். அவரைத் தேடி முகாம் தொழிலாளி வருவதில்லை. அவரும் முகாமுக்குப் போவதில்லை. இதில் அந்தத் தனிமனிதரைக் குறை சொல்லிப் பயனில்லை. பயிற்சி யாருக்கென்று திட்டமிடப்பட்டதோ அவர்களுக்கே போய்ச் சேருகிறது.

வியப்பு என்னவென்றால், கதையாடல் சிகிச்சை பிறந்ததே இதற்கு நேர்மாறான மனநிலையில்தான். 1980களில் ஆத்திரேலியாவின் அடிலெய்டு நகரில் மைக்கேல் வைட், நியூசிலாந்தில் டேவிட் எப்ஸ்டன் ஆகிய இருவரும் இதனை உருவாக்கினர். வைட் மனநல மருத்துவர் அல்லர், சமூகப் பணியாளர். 1983இல் அவர் நிறுவிய டல்விச் மையம் இன்றும் இயங்குகிறது. 1990இல் இருவரும் இணைந்து எழுதிய நூல் இம்முறையை உலகறியச் செய்தது. மனிதன் வேறு, அவனைப் பீடித்த சிக்கல் வேறு என்று பிரித்து நிறுத்துவதே முதற்படி. அச்சிக்கல் எப்போது வந்தது, எதனால் வலுப்பெறுகிறது, எந்தத் தருணத்தில் அவனிடம் தோற்றுப்போனது என்று கேட்டுக்கேட்டு, மறைந்து கிடக்கும் இன்னொரு கதையை அவன் வாயாலேயே வெளிக்கொணர்வது அடுத்தது. மென்பொருள் துறையினருக்கு இது எளிதில் விளங்கும்: பிழை ஒன்று தென்பட்டால் அதற்கு ஓர் எண் கொடுத்துத் தனியே பதிவு செய்து, எந்தச் சூழலில் தோன்றுகிறது என்று தேடுவார்களேயன்றிப் பயன்படுத்தியவரைப் பழுதென்று எழுதிவைப்பதில்லை (எழுதிவைக்கும் மேலாளர்களும் உண்டு என்பது வேறு செய்தி).

இந்தப் பிரித்தறிதலைப் பயிலரங்கில் ஆங்கிலம் பேசுவோருக்கு முயன்று கற்பிக்க வேண்டியிருக்கிறது. தமிழனுக்கோ அது பேச்சிலேயே கிடக்கிறது. "கவலை அரிக்குது", "பயம் வந்து புடிச்சுக்கிச்சு", "துக்கம் தொண்டைய அடைக்குது" என்றுதான் சிற்றூர் மனிதன் சொல்கிறான். கவலை வெளியிலிருந்து வருகிறது, பிடிக்கிறது, அடைக்கிறது. ஆகவே போகவும் கூடும். "எனக்கு மனசு சரியில்லை" என்னும் தொடரில்கூட மனிதன் முழுதும் பழுதாகிவிடவில்லை. இதே மனிதன் அரைகுறை இந்தி வழியாகவும் பிறர் ஆங்கிலம் வழியாகவும் மருத்துவரிடம் சென்று சேரும்போது, ஒற்றை நோய்ப்பெயராகச் சுருங்கிவிடுகிறான். இம்முறைக்கு இத்துணை இசைவான ஒரு மொழியை வைத்துக்கொண்டு, தமிழருக்கான பயிற்சியையும் ஆங்கிலத்தில் நடத்துவதை என்னவென்று சொல்வது?

தமிழில் இது இயலாது என்பாருக்கு யாழ்ப்பாணமே விடை. போர் நடந்துகொண்டிருந்த ஆண்டுகளில், மனநல மருத்துவர் தயா சோமசுந்தரமும் அவருடன் பணியாற்றியவர்களும் ஆசிரியர்களையும் ஊர்மட்டப் பணியாளர்களையும் தமிழிலேயே பயிற்றுவித்தனர். சாந்திகம் போன்ற நிறுவனங்கள் அங்கே உளவளத்துணையைத் தமிழில் வளர்த்தன. அப்பெயரே ஈழம் தந்த கொடை. தமிழகத்தில் வழங்கும் ஆற்றுப்படுத்தல் என்ற சொல்லோ சங்க காலத்தின் ஆற்றுப்படையை நினைவூட்டுவது. வழி தெரிந்தவன் வழி தேடுபவனுக்குப் பாதை சொல்வது. ஒப்பாரி போன்ற மரபுச் சடங்குகள் துயரை ஆற்றும் விதத்தையும் சோமசுந்தரம் தம் ஆய்வுகளில் கவனப்படுத்தினார். சாவுச் செய்தி தொலைபேசியில் வரும் முகாம் அறையில் ஒப்பாரிக்கு இடமேது? எட்டுப் பேர் உறங்கும் அறையில் ஒருவன் போர்வைக்குள் அழுதுவிட்டு விடியுமுன் பேருந்து ஏறுகிறான்.

அப்படியானால் பயிற்சி பெற வேண்டியவர் யார்? ஏற்கெனவே கதை கேட்டுக்கொண்டிருப்பவர்கள். இறந்தவரின் உடலை ஊருக்கு அனுப்பக் காகிதங்களோடு அலையும் தொண்டர், மருத்துவமனையில் பணிபுரியும் தமிழ்ச் செவிலியர், முகாமில் எல்லோரும் "அண்ணே" என்று அழைக்கும் மூத்த தொழிலாளி, வீட்டுப் பணிப்பெண் முதலில் மனம் திறக்கும் பக்கத்து வீட்டுப் பெண்மணி ஆகியோர். பட்டம் இல்லாதவரால் என்ன செய்ய முடியும் என்று ஏளனம் செய்வோர் சிம்பாப்வேயைப் பார்க்கட்டும். அங்கே மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா, பாட்டிமார்களுக்குப் பயிற்சி அளித்து மருத்துவ நிலையங்களின் முன்னே மர இருக்கைகளில் அமர்த்தினார். 'நட்பு இருக்கை' எனப்பட்ட அத்திட்டம் பயனளித்ததை 2016இல் வெளியான மருத்துவ ஆய்வு காட்டியது. கதையாடல் முறையிலேயே 'வாழ்வு மரம்' என்னும் பயிற்சியை நசெலோ நியூபேயும் டேவிட் டென்பரோவும் உருவாக்கியதும், எய்ட்சு நோயால் பெற்றோரை இழந்த ஆப்பிரிக்கக் குழந்தைகளோடு பணிபுரிந்தவர்களுக்காகவே. வேர், அடிமரம், கிளை, இலை என்று மரம் வரைந்து தன் வாழ்வைச் சொல்ல வைக்கும் அம்முறைக்கு ஒரு தாளும் எழுதுகோலும் போதும். ஊர், குலதெய்வம், வயல், தாய்மாமன் என்று வேர் வரையச் சொன்னால் தமிழ்த் தொழிலாளி தயங்கவா போகிறான்?

ஓர் எச்சரிக்கையும் தேவை. "உன் கதையை நீயே மாற்றி எழுது" என்று மேடையில் முழங்கும் தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் இதற்குள் புகுந்துவிடுவர். சில நிறுவனங்களுக்கும் அது இனிக்கும். சம்பளம் தராமல் சிந்தனையை மட்டும் மாற்றிக்கொள்ளச் சொல்வது சிகிச்சையன்று, ஏமாற்று. சிக்கல் மனிதனுக்குள் இல்லை என்று தொடங்கும் ஒரு முறை, அது எங்கே இருக்கிறது என்றும் கேட்டாக வேண்டும். கடவுச்சீட்டு யாரிடம்? முகவருக்குக் கொடுத்த கடனுக்கு வட்டி எவ்வளவு? அமீரகத்தின் 2021ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் ஆவணங்களைப் பிடித்துவைப்பதையும், ஆளெடுப்புச் செலவைத் தொழிலாளி தலையில் கட்டுவதையும் தடை செய்கிறது. இதனை அறியாத உளவளத் துணையாளர் பாதித் துணையே.

தமிழ் அமைப்புகள் நட்சத்திர இரவுக்கும் பட்டிமன்றத்துக்கும் ஆண்டுதோறும் விமானச்சீட்டு எடுத்துக் கலைஞர்களை வரவழைக்கின்றன. வரவழைக்கட்டும். அதே பயணச்செலவில் யாழ்ப்பாணத்திலிருந்தோ சென்னையிலிருந்தோ இரண்டு பயிற்றுநர்களை வரவழைக்க ஏன் ஒருவருக்கும் தோன்றவில்லை? தமிழக அரசு 2021இல் அயலகத் தமிழருக்கெனத் தனித்துறை கண்டது. சனவரி 12 அயலகத் தமிழர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. அவ்விழாவில் முதலீட்டைப் பற்றிப் பேசும் நேரத்தில் ஒரு மணியை இதற்குக் கொடுத்தால் குறைந்துவிடாது.

உரிமம் இல்லாமல் சிகிச்சை அளிப்பது குற்றமாகாதா என்பது பொறுப்பான வினா. ஆகும். அதனால்தான் இவர்கள் சிகிச்சை அளிக்கப் போவதில்லை. செவிமடுப்பர், கேட்டதை அறைக்கு வெளியே கொண்டுபோகாதிருப்பர், உயிருக்கு ஆபத்தென்று தெரிந்தால் அன்றே மருத்துவரிடம் கூடச் செல்வர். எது தம் எல்லை என்று அறிவதும் அப்பயிற்சியின் பாடமே. உரிமம் பெற்ற தமிழ் மருத்துவர் ஒருவர் மேற்பார்வைக்கு இருக்க வேண்டும். அமீரகத்தில் தமிழ் மருத்துவர்களுக்குப் பஞ்சமில்லை. நடத்துவது ஞாயிற்றுக்கிழமையாக இருக்கட்டும், முகாம்களில் பலருக்கும் கிடைப்பது அந்த ஒரு நாள் ஓய்வுதான். இடம் துபாய் விடுதி வேண்டா. அல் கைல் முகாமிலிருந்து வாடகை வண்டிக்குக் காசில்லாதவனும் வந்து சேரும்படி, ராஸ் அல் கைமாவிலேயே ஒரு கூடம் பார்க்க வேண்டும்.