ஜீப்பின் வயதும் ஓட்டுகிறவர் வயதும்

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கியதும், தென்காசியிலிருந்து அருவிக்குப் போகும் சாலையில் மேலகரத்தில் நின்று பார்த்தால் இரண்டு வகை ஜீப்புகளைக் காணலாம். ஒன்று சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் கொச்சியிலிருந்தும் வருவது. பெரிய பெரிய டயர்கள், கூரைமேல் விளக்கு வரிசை, மழைத்துளி நிற்காத பளபளப்பு. ஓட்டுகிறவருக்கு முப்பது வயது இருக்கலாம். வண்டிக்கு இரண்டு வயது. இன்னொன்று பண்பொழி, மேக்கரைப் பக்கத்திலிருந்து தேங்காய் ஏற்றிக்கொண்டு வருவது. தார்ப்பாய்க் கூரை, பட்டி பார்த்துப் பட்டி பார்த்து மேடும் பள்ளமுமாகிவிட்ட கதவு. ஓட்டுகிறவருக்கு அறுபது, வண்டிக்கு முப்பதை நெருங்குகிறது.

ஆக நாலு வயதுகள். இவற்றில் சர்க்காரின் கண்ணுக்குப் படுவது ஒன்றே ஒன்றுதான்: பழைய ஜீப்பின் வயது. அதற்குத்தான் கட்டணம், அபராதம், மிரட்டல் எல்லாம். வண்டியின் வயதுக்குப் போடும் வரி உண்மையில் அதன் சொந்தக்காரரின் ஏழ்மைக்குப் போடும் வரி என்பது நமது அபிப்பிராயம். ஏன் என்று சொல்கிறோம்.

நாலு சக்கரமும் இழுக்கும் வண்டிகளின் பிரியர்கள் நாடெங்கும் சங்கம் வைத்திருக்கிறார்கள். இருவர் புதிதாகச் சந்தித்தால் கேட்டுக்கொள்வது, "உங்களுக்கு என்ன வயது? இதுவரை என்னென்ன வண்டி வைத்திருந்தீர்கள்?" என்பதுதான். இருபத்தைந்தில் ஒரு ஜிப்ஸி, முப்பதில் ஒரு தார், முப்பத்தைந்தில் வெளிநாட்டுச் சரக்கு ஒன்று என்று பட்டியல் நீளும். இதில் நமக்குப் பொறாமை ஒன்றுமில்லை. 2018 கேரள வெள்ளத்தில் இத்தகைய இளைஞர்கள் பலர் தங்கள் வண்டிகளைத் தண்ணீரில் இறக்கி ஜனங்களைக் காப்பாற்றினார்கள். மீனவர்கள் படகோடு வந்ததைப் போல இவர்கள் ஜீப்போடு வந்தார்கள். அதை மறக்கக்கூடாது.

ஆனால் அதே கேள்வியை நம் பக்கத்து ஜீப்காரர் ஒருவரிடம் கேட்டோம். வயது அறுபத்தொன்று. பதினாறு வயதில் ஒரு எஸ்டேட் ஜீப்பில் கிளீனராகச் சேர்ந்தவர், பிறகு டிரைவர். முப்பதாவது வயதில்தான் சொந்த வண்டி. அதுவும் சர்க்கார் ஏலத்தில் கழித்துவிட்ட பெட்ரோல் ஜீப். பெட்ரோல் கட்டுப்படியாகாமல் டீசல் எஞ்சின் மாற்றிக்கொண்டார். இப்போது வைத்திருப்பது 1998இல் செய்த கமாண்டர். அவர் கைக்கு வந்தபோதே அதற்குப் பன்னிரண்டு வயது; அவர் அதற்கு நாலாவது சொந்தக்காரர். மலையடிவாரத்தில் தென்னந்தோப்பைக் குத்தகைக்கு எடுத்து, காயைத் தாமே ஏற்றிக் கொண்டுவந்து விற்கிறார். ஆயுள் முழுவதும் இரண்டே வண்டிகள். இரண்டும் பிறர் ஓட்டி முடித்தவை. அவர் சொன்னார்: "வண்டிக்கு வயசாயிட்டுன்னு சொல்லுதாங்க அண்ணாச்சி. எனக்குந்தான் வயசாயிட்டு. என்னைய எந்தக் கடையில எடைக்குப் போடுவாங்க?"

ஜீப் என்ற யந்திரம் எப்படி அவர் கைக்கு வந்து சேர்ந்தது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

அது யுத்தத்தில் பிறந்தது. 1940இல் அமெரிக்க ராணுவம் கேட்டதன்பேரில் உருவாகி, வில்லிஸ், போர்டு கம்பெனிகளின் பட்டறைகளிலிருந்து ஆறு லட்சத்துக்கும் மேல் வெளிவந்தது. சாதாரண மோட்டாரில் எஞ்சினின் பலம் இரண்டு சக்கரங்களுக்கு மட்டுமே போகிறது. சேற்றில் அந்த இரண்டும் வழுக்கிச் சுழன்றால் வண்டி அங்கேயே நின்றுவிடும். ஜீப்பில் கியர்ப் பெட்டிக்குப் பின்னால் இன்னொரு சிறு பெட்டி உண்டு. அதன் லீவரைத் தள்ளினால் முன்சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும். இன்னொரு நிலைக்குத் தள்ளினால் வேகம் குறைந்து இழுவை பெருகும். பீரங்கி இழுக்கச் செய்த இந்த ஏற்பாடு, மழைக்காலத்தில் தோப்பிலிருந்து தேங்காய் இறக்கவும் அதே அளவு உதவுகிறது. யந்திரத்துக்கு எஜமானன் யார் என்பதைப் பொறுத்தது அது என்ன செய்கிறது என்பது.

யுத்தம் முடிந்தது. 1945இல் மகேந்திரா–முகம்மது என்ற பெயரில் பம்பாயில் வளர்ந்த கம்பெனி, 1947இல் வில்லிஸ் ஜீப்பை இங்கே பூட்டத் தொடங்கியது. கூட்டாளி குலாம் முகம்மது பாகிஸ்தானின் நிதியமைச்சராகப் போய்விட, 1948இல் அது மகேந்திரா–மகேந்திரா ஆயிற்று. அதே 1948இல்தான் ராணுவத்துக்கு ஜீப் வாங்குவதாக லண்டனில் 80 லட்சம் ரூபாய்க்கு ஒப்பந்தம் போட்டு, பெரும்பகுதிப் பணத்தைக் கொடுத்த பிறகு 155 வண்டிகள் மட்டுமே வந்து சேர்ந்தன. சுதந்திர நாட்டின் முதல் ஊழல் என்ற பெயரும் ஜீப்புக்குத்தான் கிடைத்தது! 1952 அக்டோபர் 2இல் சமூக நல அபிவிருத்தித் திட்டம் தொடங்கியது. அதிலிருந்து ஜீப் என்றால் கிராமத்தானுக்குச் சர்க்கார். பி.டி.ஓ. ஜீப், தாசில்தார் ஜீப், போலீஸ் ஜீப். புழுதியைக் கண்டே பாதிப்பேர் வயலுக்குள் ஓடியதைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். தேர்தல் வந்தால் ஒலிபெருக்கி கட்டிய ஜீப். மலைமேல் துரையின் ஜீப். துரை போன பின் மானேஜரின் ஜீப்.

இத்தனை பேரும் ஓட்டி, அலுத்து, ஏலத்தில் விட்ட பிறகுதான் அது உழைப்பாளியின் கைக்கு வருகிறது. புது ஜீப் வாங்கும் சக்தி அவருக்கு ஒருநாளும் இருந்ததில்லை. மேல்தட்டிலிருந்து படிப்படியாகக் கீழே இறங்கி வரும் யந்திரம், கடைசிப் படிக்கு வரும்போது கிழமாகத்தான் இருக்கும். சீமான் மூன்று வருஷத்தில் மாற்றிக்கொள்வார். அவர் வண்டி என்றும் இளமையாயிருக்கும். கடைசிப் படியில் நிற்பவரிடம் "உன் வண்டி ஏன் கிழடு?" என்று கேட்பது என்ன நியாயம்?

இப்போது சட்டத்துக்கு வருவோம்.

சொந்த உபயோகத்துக்கான ஜீப்புக்கும் காருக்கும் பதினைந்து வருஷம் முடிந்தால் பதிவைப் புதுப்பிக்க வேண்டும்; பிறகு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை. கட்டணம் 600 ரூபாயாக இருந்தது. 2022 ஏப்ரல் 1 முதல் 5,000 ஆக்கினார்கள். 2025 ஆகஸ்டில், இருபது வருஷம் கடந்த வண்டி என்றால் 10,000 என்று மத்திய சர்க்கார் அறிவித்தது. அதே வருஷம் நவம்பரில் தகுதிச் சான்றுக் கட்டணத்தையும் வண்டியின் வயதுக்கேற்பப் படிகட்டி ஏற்றினார்கள். இந்தத் தொகைக்குமேல் எப்.சி.க்கு முன் டிங்கரிங், பெயிண்ட், டயர், இன்சூரன்ஸ், நாலு நாள் பிழைப்பு நஷ்டம்.

2025 ஆகஸ்டில் இது. அடுத்த மாதம் என்ன நடந்தது? செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி.யை மாற்றியமைத்தார்கள். சிறிய கார்களுக்கும் மோட்டார் சைக்கிள்களுக்கும் வரி குறைந்தது. மத்தியதர வர்க்கத்துக்கு அது உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் அதோடு சேர்த்து, பெரிய ஆடம்பர வண்டிகள்மீது வரியும் மேல்வரியுமாக இருந்த 50 சதவீதமும் 40 சதவீதமாக இறங்கியது. கிழட்டு ஜீப்புக்குக் கட்டணம் இரட்டிப்பு. புத்தம்புது ராட்சச வண்டிக்கு வரியில் தள்ளுபடி. ஒரே சர்க்கார், முப்பத்துச் சொச்சம் நாள் இடைவெளி!

2021இல் வந்த பழைய வண்டி கழிக்கும் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பழையதை உடைக்கக் கொடுத்துவிட்டுப் புதியது வாங்கினால் சாலை வரியில் சலுகை உண்டு. சொந்த உபயோக வண்டிக்கு 25 சதவீதம் வரை. வாடகைக்கும் சரக்குக்கும் ஓட்டிப் பிழைக்கிற வண்டிக்கு? 15 சதவீதம் வரை. உலாவப் போகிறவருக்குக் கூடுதல், பிழைக்கப் போகிறவருக்குக் குறைவு. சொந்த வண்டிக்கு இந்தச் சலுகை பதினைந்து வருஷம் வரை. பிழைப்பு வண்டிக்கு எட்டு வருஷம் வரைதான். இதை எழுதிய கனவான்கள் எந்த ஊரில் ஜீப் ஏறினார்களோ தெரியவில்லை. அது எப்படியிருந்தாலும், புது வண்டி வாங்க முடிந்தவருக்கல்லவா இந்தச் சலுகை?

புது வண்டி விலை என்ன? மகேந்திரா கம்பெனி 2020 அக்டோபர் 2இல் புதிய தார் வண்டியைக் கொண்டுவந்தது. ஆரம்ப விலை 9.80 லட்சம். 2024 ஆகஸ்டில் ஐந்து கதவுள்ள தார் ராக்ஸ், விலை 12.99 லட்சத்தில் தொடங்கியது. அந்த விலைக்கு நாலு சக்கர இழுவை கிடையாது. பின்சக்கரம் மட்டும்தான் இழுக்கும். நாலும் இழுக்க வேண்டுமென்றால் அப்போது ஏறத்தாழ 19 லட்சம். அக்டோபர் 3இல் முன்பதிவு திறந்த ஒரு மணி நேரத்தில் 1,76,218 பேர் பதிவு செய்ததாகக் கம்பெனியே பெருமையாக அறிவித்தது. இவர்களில் எத்தனை பேர் சேற்றில் இறங்கப் போகிறார்கள்? ஜீப்பின் முரட்டு முகம் வேண்டும், ஜீப்பின் வேலை வேண்டாம். மேலகரத்துப் பெரியவர் ஒருவர் இதை "மீசை மட்டும் வச்ச வண்டி" என்றார். நமக்கு இதைவிட நன்றாகச் சொல்லத் தெரியவில்லை.

உழைக்கிறவருக்கென்று குறைந்த விலையில் மலைவண்டி செய்ய இந்த நாட்டால் முடியாதா? முடிந்தது. ஜபல்பூர் ராணுவத் தொழிற்சாலையில், பொதுத்துறையில், 1969 முதல் 1999 வரை ஜோங்கா செய்தார்கள். மாருதி சர்க்கார் கம்பெனியாக இருந்தபோது 1985இல் ஜிப்ஸி வந்தது. ஜோங்காவை நிறுத்தினார்கள், மாருதியைக் கைமாற்றிக் கொடுத்தார்கள். இன்று மலையடிவார விவசாயிக்கு எவ்வளவு விலையில் என்ன வண்டி என்பதை முடிவு செய்வது சில கம்பெனிகளின் விளம்பர இலாகா.

"பழைய டீசல் வண்டி புகை கக்குகிறதே, அது விஷமல்லவா?" என்று வாசகர்கள் கேட்கலாம். விஷம்தான். அந்தப் புகையை முதலில் உறிஞ்சுபவரும் அந்த ஓட்டுநரே. ஆகவே புகையை அளந்து பாருங்கள் என்கிறோம். ஊசிமுனை சுத்தம் செய்து, எஞ்சின் வேலை பார்த்து, அளவுக்குள் நிற்கிற ஜீப்பை அதன் பிறந்த வருஷத்தைக் காட்டித் தண்டிக்காதீர்கள். மலையடிவாரத்தில் சில மைல் போய்வருகிற ஜீப்பும், டில்லியின் நெரிசலில் நாள் முழுவதும் உறுமுகிற வண்டியும் ஒன்றாகுமா? டில்லியில் 2025 ஜூலை 1 முதல், பத்து வருஷம் கடந்த டீசல் வண்டிக்கும் பதினைந்து வருஷம் கடந்த பெட்ரோல் வண்டிக்கும் பங்குகளில் எண்ணெய் ஊற்றக்கூடாது என்று தடை போட்டார்கள். கார் சொந்தக்காரர்கள் கூச்சல் போட்டார்கள். சில நாட்களிலேயே தடை நிறுத்தி வைக்கப்பட்டது. டில்லிக் கூச்சல் கேட்கிறது. மேக்கரைக் கூச்சல் செங்கோட்டையைத் தாண்டுவதில்லை.

உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் ஒன்று உண்டு. அதில் நாம் விட்டுக்கொடுக்க மாட்டோம். 2023 ஆகஸ்ட் 25இல் வயநாட்டில் மானந்தவாடி அருகே, தேயிலைத் தோட்ட வேலை முடிந்து திரும்பியவர்களின் ஜீப் பள்ளத்தில் உருண்டது. ஒன்பது பேர் மாண்டார்கள். ஒன்பது பேரும் பெண்கள். தேனி மாவட்டத்தில் போடி, கம்பம் பக்கமிருந்து விடியுமுன் ஏலத் தோட்டங்களுக்கு ஜீப்பில் நெருக்கிப் பிடித்துக்கொண்டு மலை ஏறுகிற பெண்கள் ஆயிரக்கணக்கில். பிரேக் பிடிக்காத வண்டி ஒரு நாள்கூட ஓடக்கூடாது, அது இரண்டு வயதானாலும் முப்பது வயதானாலும். பிரேக்கையும் ஸ்டியரிங்கையும் பிளேட்டுகளையும் நேரில் பார்த்துச் சோதிக்கிற பிரேக் இன்ஸ்பெக்டர் வேண்டும். பத்தாயிரம் ரூபாய் ரசீது எந்த ஜீப்பையும் வளைவில் நிறுத்தாது. அந்தக் கட்டணத்தைக் கட்ட முடியாதவர் என்ன செய்வார்? சான்றே வாங்காமல் ஓட்டுவார். சோதனைக்கு வரவேண்டிய வண்டியைச் சோதனைக்கு வராமல் துரத்துவதுதான் இந்தச் சட்டத்தின் பலன்.

அந்தப் பெண்கள் ஜீப்பில் போவது ஆசைக்கல்ல. விடியுமுன் அவர்களைத் தோட்டத்து வாசலில் இறக்கிவிடும் பஸ் இல்லை. நம் பக்கத்தில் அம்பாசமுத்திரத்து மலைமேல் மாஞ்சோலைக்கும் நாலுமுக்குக்கும் ஊத்துக்கும் அரசு பஸ் பல வருஷங்கள் ஏறி இறங்கியது. அந்த வளைவுகளில் பின்சக்கரம் மட்டும் இழுக்கும் பஸ் ஏறுமென்றால் போடிமெட்டில் ஏறாதா?

ஆகவே நாம் கேட்பது இவை. ஒரே வண்டி வைத்து அதைத் தாமே ஓட்டிப் பிழைக்கிறவருக்குப் பழைய கட்டணமான 600 ரூபாயே போதும். சோதனை மட்டும் கடுமையாக இருக்கட்டும். பழைய வண்டிக்குக் கடன் தர பாங்குகள் முன்வருவதில்லை. அதனால்தான் பைனான்ஸ்காரர்கள் கொழுக்கிறார்கள். கூட்டுறவு சங்கங்கள் எஞ்சின் மாற்றவும் பிரேக் வேலைக்கும் குறைந்த வட்டியில் கடன் தரவேண்டும். கழிக்கும் திட்டத்தில் பிழைப்பு வண்டிக்கும் 25 சதவீதச் சலுகை வேண்டும். தோட்டத் தொழிலாளரை ஏற்றிச் செல்லும் பொறுப்பு, அவர்கள் உழைப்பில் லாபம் காணும் தோட்ட முதலாளியுடையது. பஸ்ஸுக்கு அவர் பணம் கட்டட்டும்.

தென்காசி 2019 நவம்பரில் தனி மாவட்டமாகிவிட்டது. அதிகாரிகள் மனம் வைத்தால், பிரேக் இன்ஸ்பெக்டர் மாதத்தில் ஒரு நாள் பண்பொழிக்கோ புளியரைக்கோ வந்து, மலையடிவார வண்டிகளை அங்கேயே சோதித்துச் சான்று கொடுக்கலாம். அதற்கு டில்லியின் உத்தரவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.