ஓட்டத்துக்கும் உபயம் எடுக்கலாமே



ஞாயிறு தமிழ் வகுப்புக்கு நிதி திரட்ட ஒரு நன்கொடை ஓட்டம் நடத்தலாம்னு பேச்சு வந்திருக்கு. நல்ல யோசனைதான். ஆனா எப்படி நடத்துறதுங்கிறதுல தொண்டர்களாகிய எங்களுக்கு ஒரு கருத்து இருக்கு. கனடாவில், வான்கூவர் ஜப்பானியக் குடும்பங்கள் தங்கள் மொழிப் பள்ளிகளை நடத்துற விதத்தைப் பார்த்து வந்த கருத்து அது.

அங்கே அலெக்சாண்டர் தெருவில் இருக்கிற ஜப்பானிய மொழிப் பள்ளி 1906-ல் தொடங்கியது. 1942-ல், போர்க்காலத்தில், மேற்குக் கரையில் வாழ்ந்த 20,000-க்கும் மேற்பட்ட ஜப்பானியக் கனடியர்களை அரசாங்கம் வெளியேத்துச்சு. வீடு, கடை, மீன்பிடிப் படகு எல்லாத்தையும் பறிச்சு வித்துடுச்சு. பள்ளிக்கும் பூட்டு. 1952-ல்தான் மறுபடியும் வகுப்பு ஆரம்பிச்சது. எல்லாம் இழந்துட்டு வந்தவங்க முதல் வேலையா பிள்ளைங்களுக்கு மொழி சொல்லிக்கொடுக்கக் கதவைத் திறந்தாங்க பாருங்க, நமக்குக் கொஞ்சம் வெட்கமாத்தான் இருக்கு.

அந்த ஊர்ல இப்படிப்பட்ட சமூகப் பள்ளிங்க தனியா ஓட்டம் நடத்திக் கஷ்டப்பட வேண்டியதில்ல. நகரத்துல ஏற்கெனவே நடக்கிற 21.1 கிலோமீட்டர் அரை மராத்தானில் பள்ளியின் பெயரில் ஒரு குழுவா சேர்ந்துக்கலாம். முடியாதவங்களுக்கு 5 கிலோமீட்டர் இருக்கு. சாலை மூடுறது, போலீஸ், ஆம்புலன்ஸ், தண்ணி, எல்லாம் ஓட்டத்தை நடத்துறவங்க பாடு. ஓடுறவர் தன் சொந்தக்காரங்க, வேலையிடத்து நண்பர்கள்கிட்ட "நான் ஓடுறேன், பள்ளிக்குக் கொடுங்க"ன்னு கேட்பார். அந்தக் காசு பள்ளிக்கு.

நம்ம பக்கம் என்ன நடக்குது? 60 ரிங்கிட் கட்டணம்னு வெச்சுக்குவோம். அதுல டி-சட்டை, பதக்கம், பசியாறல், கூடாரம், ஒலிபெருக்கி. மிச்சம் என்ன வரும்? சட்டைக் கடைக்காரருக்கு நல்ல வியாபாரம், அவ்வளவுதான்.

"ஒரு டத்தோகிட்ட கேட்டா ஒரே காசோலையில முடிஞ்சிடுமே"ன்னு சிலர் சொல்றாங்க. முடியும். பெரிய அட்டைக் காசோலையோட படமும் எடுத்துக்கலாம். அடுத்த வருஷம்? அவர் மனசு மாறினா வகுப்பும் நின்னுடும். 200 குடும்பம் ஆளுக்குப் பத்து ரிங்கிட் கொடுத்தா 2,000 ரிங்கிட்தான். ஆனா அந்த 200 வீட்டுலயும் "நம்ம வகுப்பு எப்படிப் போகுது?"ன்னு ஒரு கேள்வி இருக்கும்.

இது நமக்குப் புது வழக்கமா என்ன? உபயம் எடுக்கிறவங்கதானே நாம! திருவிழாவுக்கு எடுக்கிற மாதிரி ஒரு கிலோமீட்டருக்கு உபயம் எடுங்க. இளையவங்க ஓடட்டும், பாட்டிமார் உபயக்காரரா இருக்கட்டும். யாருக்காக, எவ்வளவுன்னு ரசீது போட்டு, கணக்கை அறிவிப்புப் பலகையில ஒட்டுவோம்.

கோலாலம்பூர் மராத்தானிலும் தொண்டு நோக்கத்துக்காக நிதி திரட்டி ஓடுற ஏற்பாடு இருந்திருக்கு. நம்ம வகுப்பு அப்படிச் சேர முடியுமான்னு முதல்ல விசாரிப்போம். முடியலன்னா பக்கத்துல நடக்கிற சின்ன ஓட்டம் போதும். சட்டைக்கு ஆர்டர் கொடுக்கிறதுக்கு முன்னாடி நிர்வாகக் கூட்டத்துல இதைப் பேசணும். ஓட விருப்பமுள்ளவங்க, உபயம் எடுக்க விருப்பமுள்ளவங்க ரெண்டு பேரும் வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சதும் எங்ககிட்ட பெயர் கொடுங்க.